இடது மூலைச் சிவப்பு

பகல் 12.40. மீன்தொட்டி மணலில் சிவப்புப் பாசித் திட்டுகள் இருபத்து மூன்று. எண்ணியவள் தங்கபுஷ்பம். நேற்று இதே நேரத்தில் பத்தொன்பது, முந்தாநாள் பதினேழு, ஆக குறையவில்லை, குறையப்போவதுமில்லை, நாலு மணிக்குக் கொளத்தூரிலிருந்து பிரகாசம் வண்டியோடு வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், அதற்குள் ஒருமுறை மணலைச் சுத்தம் செய்துவிட வேண்டும், ஊருக்குப் போகிற பிள்ளைக்குத் தலைவாரி விடுகிற மாதிரி. யாரும் கேட்கவில்லை. "அக்கா, அழுக்கோடவே குடுங்க, கடையில வச்சு நான் பாத்துக்கிறேன்" என்றுதான் பிரகாசம் சொன்னார், மீன் கடைக்காரர், இதைவிட மோசமான தொட்டிகளைப் பார்த்தவர், ஆனாலும் அழுக்கோடு எப்படிக் கொடுப்பது. தொட்டியின் இடது பக்கத்துக்கும் ஜன்னல் திரைக்கும் நடுவே இருக்கிற ஒன்றரை அடி இடத்தில் தரையில் உட்கார்ந்து, வெள்ளை வாளியை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து, விரல் கனம்கூட இல்லாத குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினாள். நேரத்துக்கு வாயை எடுக்கத் தவறினால் ஒரு மடக்கு உப்புத் தண்ணீர். தவறியது. துப்பினாள். உப்பளத்தில் வேலை பார்த்து வாழ்ந்த குடும்பத்துக்கு வாக்கப்பட்டுவந்து கடல்மீன் தொட்டிக்காக வெளிநாட்டு உப்பை வாளிக்கணக்கில் விலைக்கு வாங்குகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய் என்று ஆதிலிங்கம், கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமான புருஷன், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. சொல்லட்டும். அவர் இப்போது சமையலறையில் சாளை மீன் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவருடையது, வெந்தயம் கருகுகிற வாசனை வருகிறது, எழுந்து போய்ச் சொல்லலாம், குழாய் ஓட ஆரம்பித்துவிட்டது, எழ முடியாது.

சிவப்பு வருகிறது. குழாயின் வாய் கிட்டே போனதும் திட்டின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொள்ளும், ஒரு நொடி தயங்கும், பிறகு முழுசாகக் கழன்று மடிந்து உள்ளே வழுக்கிப் போகும், ஆறின பாலின் மேலே படிந்த ஆடையை விரலால் வழிக்கிற மாதிரி. இதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. இந்தப் பாசியை ஒழிக்கத்தான் மூன்று மாதமாகப் பாடுபடுகிறாள், ஆனால் அது உரிந்து வருகிற அந்த நொடிக்காக ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவும் செய்கிறாள். வாளியில் விழுந்ததும் அது பீட்ரூட் தோல் மாதிரி சுருண்டுகொள்கிறது. வெள்ளை வாளி. வெள்ளை என்றால் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பால் பண்ணை ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடம், காலை ஐந்தரை மணிக்கு வரிசையாக வந்து நிற்கிற கேன்களிலிருந்து எடுத்த பால், வெள்ளைச் சுவர், வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தாள், கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, மாட்டுக்குப் போட்ட மருந்து பாலில் இறங்கியிருக்கிறதா. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் கொளத்தூரில் பஸ்ஸை விட்டுவிட்டு மழைக்கு ஒதுங்கின கடையில், ஒரு கண்ணாடிக்குப் பின்னால் பச்சையும் ஊதாவும் ஆரஞ்சுமாகச் சட்டைப் பொத்தான் அளவுக்கு வாய்கள் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தாள். மழை விட்டது தெரியவில்லை. "அது என்னதுங்க?" "பொத்தான் பவளம்க்கா. உசுருள்ளது." உயிருள்ளது என்று அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது அவளைப் பார்த்துத்தான் திறக்கிறது என்றுகூடத் தோன்றியது, ஐம்பதை நெருங்குகிற வயதில் வரக்கூடாத எண்ணம், வந்தது. அப்படி வந்தவைதான் நாலடித் தொட்டியும் பாறையும் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு க்ளவுன் மீன்களும் ஒரு இறாலும் ஐந்து பொத்தான் கூட்டமும். ஐந்தில் இரண்டு இப்போது இல்லை. சிவப்பு மேலே ஏறிப் போர்த்தி மூச்சு முட்டவைத்துக் கொன்றுவிட்டது. மூன்றாவது, பச்சை, வியாழக்கிழமையிலிருந்து வாய் திறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நேற்று பிரகாசத்துக்குப் போன் செய்தாள். கடையிலாவது பிழைக்கட்டும். தன் கையில் சாவதைவிட யார் கையிலோ திறக்கட்டும்.

என்னதான் செய்யவில்லை. விளக்கு எரிகிற நேரத்தைப் பாதியாக்கினாள். அலை மோட்டாரை இடது மூலைக்குத் திருப்பினாள், அந்த மூலையில்தான் எப்போதும் அதிகம், ஒரு வாரம் அடங்கியிருந்தது, எட்டாம் நாள் திரும்பியது. மூன்று நாள் இருட்டில் வைத்தால் செத்துவிடும் என்று கைப்பேசியில் யாரோ சொன்னதைக் கேட்டுக் கறுப்புப் போர்வையால் தொட்டியை மூடினாள், கேஸ் போட வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று மெல்லக் கேட்டார், அந்த மூன்று நாளும் மாமா, ஆதிலிங்கத்தின் அப்பா, நாற்காலியை இழுத்துப் போட்டுப் போர்வையின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார், வெளிச்சம் போகும் மாமா என்றால் சரிம்மா என்பார், அவள் திரும்பியதும் மறுபடியும் தூக்குவார். மருந்துப் பொடி இருக்கிறது, இரண்டே நாளில் போய்விடும், பிரகாசமே கொடுத்தார். அவளால் போட முடியவில்லை. மருந்து கலந்த பால் என்று கேன் கேனாகத் திருப்பி அனுப்புகிறவள் தன் வீட்டுத் தண்ணீரில் அதையே கரைப்பதா, காரணம் தெரியாமல் மருந்து போடுவது பாலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்துகிற மாதிரி அல்லவா. காரணம் தெரிய வேண்டும். தண்ணீரைச் சோதித்தால் பாஸ்பேட் ஏறிக் கிடக்கிறது, அதாவது சாப்பாடு அதிகம், ஆகவே மீனுக்குப் போடுவதைப் பாதியாக்கினாள், பிறகு கால்வாசி. மீன்கள் பெருத்தன. பட்டினி போடப் போடப் பெருக்கிற மீனை அவள் எங்கேயும் படித்ததில்லை. எண் இறங்கவில்லை. மறுபடி சோதித்தாள், வேறு கம்பெனிச் சோதனைப் பெட்டி வாங்கிச் சோதித்தாள், ஆய்வுக்கூடத்துக்கே ஒரு பாட்டில் கொண்டுபோய் ஆள் இல்லாத நேரத்தில் சோதித்தாள், அதே எண். தண்ணீரின் மேலே எண்ணெய்ப் படலம் வேறு. சமையலறைப் புகைதான் காரணம் என்று ஒன்றரை மாதமாக வீட்டில் எதையும் எண்ணெயில் பொரிப்பதில்லை, வடை இல்லை, அப்பளம் சுட்டதுதான், ஆதிலிங்கம் ஞாயிற்றுக்கிழமை தோறும் வாணலியைத் துடைத்து அதன் இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருவார். பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், மாமா தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டுத் திருப்தியாக, "நல்லா செவந்து வருதும்மா" என்றார். கிண்டல். எண்பது வயதுக்காரருக்கு மருமகளைக் குத்திப் பார்க்க ஆசை. அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஐம்பத்திரண்டு வயதில் பாசிக்காக. அழுது முடித்து முகம் கழுவும்போது சிரிப்பும் வந்தது, அது தனி.

இருபத்து மூன்றில் பதினெட்டு போய்விட்டது. மிச்சம் இடது மூலை. அந்த மூலைப் பாறையை அவள் தூக்கியதே இல்லை, இறாலின் வீடு அடியில் இருக்கிறது, அதைக் கலைக்க வேண்டாம் என்று சுற்றிச் சுற்றியே துடைத்துவந்தாள். இன்று எப்படியும் எல்லாம் கலையப்போகிறது. கையைத் தோள்வரை விட்டுப் பாறையை மெல்லச் சாய்த்தாள், இறால் மீசையை ஆட்டிக்கொண்டு பின்பக்கமாக வெளியேறியது, மன்னித்துக்கொள் என்றாள் வாய்விட்டு, பாறை நகர்ந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறச் சேறு, அதன்மேல் வெள்ளையாக ஏதோ. குழாயைக் காட்டினாள். குழாய்க்குள் ஒரு வெள்ளை போனது. சின்னது, நீளவாக்கில், இரண்டு முனையும் மழுங்கி. இன்னொன்று. புழுவா? முட்டையா? நத்தை முட்டை இப்படி இருக்காது. குழாயை மடித்துப் பிடித்துத் தண்ணீரை நிறுத்தி வாளிக்குள் பார்த்தாள். சோறு. உப்புத் தண்ணீரில் ஊறி, ஆனால் உருக்குலையாமல், பொன்னி அரிசிச் சோறு, ஆறு பருக்கை. சோறு ஏன் இங்கே. சோறு. அந்தச் சொல்லிலேயே மனம் நின்றுவிட்டது, மேலே போகவில்லை, ஆணியில் மாட்டின முந்தானை மாதிரி. தட்டிலிருந்து தெறித்திருக்கும். இரண்டடி உயரத் தொட்டிக்குள், மூடியில், இந்த மூலைக்கு மேலேயே, குழாய் நுழைகிற அந்த இடைவெளி வழியாகவா, ஆறு பருக்கையா, பாறைக்கு அடியிலா. அப்படியே மேல்மட்டத்தைப் பார்த்தாள், கீழிருந்து பார்க்கும்போது எண்ணெய்ப் படலம் வானவில்லாகத் தெரிந்தது, எழுந்து முழங்காலில் நின்று மூடி இடைவெளியில் விரலை விட்டுத் தண்ணீரின் தோலைத் தொட்டு எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். இருபத்தாறு வருட மூக்கு. கடலை எண்ணெய் இல்லை. நல்லெண்ணெய் இல்லை. நெய். உருக்கும்போது முருங்கைக்கீரை போட்ட நெய். இவ்வளவு நாள் ஏன் மோந்து பார்க்கவில்லை, ஊர்ப் பாலையெல்லாம் மோந்து பார்க்கிறவள். பயமில்லை, திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று தெரிந்தால் வருமே ஒரு குறுகுறுப்பு, அது, அந்த நேரம் பார்த்து நாற்காலி இழுபடுகிற சத்தம், அவள் மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள், ஏன் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அவளுக்கு வலது பக்கத்தில், தொட்டிக்கு முன்னால், மாமாவின் வேட்டியும் கையும் மட்டும் தெரிந்தன. கையில் தட்டு. "ஏ செல்லக்கனி," என்றார் மாமா தொட்டியைப் பார்த்து, "பசிச்சிட்டா? ஒம்மவன் இப்பத்தான் குழம்ப எறக்குனான். சாளை. உப்ப அள்ளிப் போட்டிருக்கான், உப்பளத்துக்காரன் மவன்லா. ஒனக்கு அது வேண்டாம், பருப்புஞ்சோறு வச்சிருக்கேன், நெய்யி விட்டு. இந்தா." மூடி இடைவெளியில் மூன்று விரல்கள் நுழைந்து பிரிந்தன. சோறு பொலபொலவென்று இறங்கியது, பெரிய க்ளவுன் மீன் முதல் பருக்கையைப் பிடித்தது, துப்பியது, மறுபடி பிடித்தது, சின்ன மீன் கிட்டே வந்ததும் திரும்பி ஒரு முட்டு. "ஏய், ஏய், அந்தக் கெழவன ஏன் வெரட்டுத? அவனும் ஒரு வாய் திங்கட்டும்." செல்லக்கனி என்பது அத்தை. இறந்து இரண்டு வருடம். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் மாமா சாப்பிட உட்காருமுன் பால்கனிக் கட்டையில் ஒரு பிடி வைப்பார், ஒரு குண்டுக் காகம் வரும், வரத் தாமதமானால் திட்டுவார், வந்தபின் அன்றைய செய்தியெல்லாம் சொல்வார். டிசம்பரில் புறாத் தொல்லைக்காகக் குடியிருப்புச் சங்கம் எல்லா பால்கனிக்கும் நைலான் வலை அடித்தது. டிசம்பர் பதினெட்டு. அவள்தான் கையெழுத்துப் போட்டாள். சிவப்பு முதலில் தெரிந்தது ஜனவரி இரண்டாம் வாரம். வலை, காகம், சோறு, நெய், பெருத்த மீன், இடது மூலை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன, அவள் தொண்டையில் ஒரு சிரிப்பு கிளம்பிவிட்டது, கையால் முகத்தைப் பொத்தினாள், உப்புக் கை, கண் எரிந்தது. தெரிந்துவிட்டது. சாபமில்லை, தண்ணீர் கெடவில்லை, பாறை கெடவில்லை, அவள் கைராசியும் கெடவில்லை. பருப்புச் சோறு! பிறகுதான் நாலு மணி ஞாபகம் வந்தது. பிரகாசம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப்போவது எதை என்பது புரிந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. இந்த மனிதரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. வலையடித்து ஒருமுறை அத்தையை வெளியே நிறுத்தியாயிற்று, இப்போது வண்டி வைத்து.

"மாமா." தட்டு ஆடியது. "யாரு? ஏம்மா, நீ அங்கன கீழ என்ன செய்யுத?" "பாசி எடுக்கேன் மாமா. நீங்க என்ன செய்யுதிய?" அவர் கையை வேட்டியில் துடைத்தார். "காக்காதான் வரமுடியாம வலையப் போட்டுட்டானுவள. அவ எங்க போவா? வீட்டுக்குள்ள உசுரோட இருக்குறது இதுதான. பெருசு அவதான், சந்தேகமே இல்ல, நின்னு பாரு, சின்னத என்ன வெரட்டு வெரட்டுதா." "சின்னது யாரு மாமா?" "வேற யாரு? நாந்தான்." பொத்தி வைத்தது உடைந்தது. அவள் சிரித்த சிரிப்பில் வாளி சாய்ந்து சிவப்புத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது, மாமா காலைத் தூக்கிக்கொண்டு, "ஏ ஆதி, இங்க ஓடியா, ஒம்பொண்டாட்டிக்கு என்னமோ ஆயிட்டு" என்றார், ஆதிலிங்கம் கரண்டியோடு ஓடிவந்தார். பருக்கையைக் காட்டினாள், நெய்யைச் சொன்னாள், இந்தச் சோறு அழுகித்தான் மாமா சிவப்பு, சிவப்பு ஏறித்தான் பவளம் ரெண்டு செத்தது. "செவக்குறது கெடுதியா?" என்றார் மாமா. "உப்பளத்துப் பாத்தி செவந்தாத்தான உப்பு எறங்கும்? நாப்பது வருசம் பாத்திருக்கேன. தண்ணி செவந்தா நல்லா வெளையப்போவுதுன்னு மொதலாளிக்கு ஆள் அனுப்புவோம். ஒங்கிட்டயும் சொன்னேன்லா, நல்லா செவந்து வருதும்மான்னு. அவ மனசு குளுந்துட்டுன்னுல்லா நெனச்சேன்." அப்படியானால் அன்றைக்கு அது கிண்டல் இல்லை. குளியலறையில் திறந்துவிட்ட அவ்வளவு தண்ணீர். "அப்போ நான்தானா?" மாமாவின் தட்டு தாழ்ந்தது. "அவளுக்கு மூச்சு முட்டியிருக்குமே." தொட்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். தங்கபுஷ்பம் ஈரத்தோடு எழுந்து அவர் பக்கம் வந்தாள், என்ன சொல்வதென்று யோசிக்கவில்லை, வாய் தானாகச் சொன்னது: "அத்தைக்கு ஒண்ணும் ஆகல மாமா. நான் அரைப்பட்டினி போட்டேன். நீங்க போட்டதாலதான் தப்பிச்சாவ. எப்படிப் பெருத்திருக்காவன்னு பாருங்க." அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "பெருத்துத்தான் இருக்கா," என்றார் பிறகு. ஆதிலிங்கம் கரண்டியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "அப்போ அந்த எண்ணெய் அடுப்படியிலேர்ந்து வரல?" "இல்ல." "அப்போ வடை?" "போடுங்க." அவர் அடுத்த கேள்வி கேட்காமல் உள்ளே போனார், உளுந்து டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.

மிச்சம் இருந்தது பேரம். சோறு வேண்டாம் மாமா, மீனுக்கென்று இந்தத் தீவன மணி இருக்கிறது, தினமும் நீங்களே போடுங்கள், பத்து, பத்துக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. மாமா ஒரு மணியை எடுத்து மோந்து பார்த்து முகம் சுளித்தார். "கருவாடுல்லா நாறுது. அவ சனிக்கெழம சுத்தம். தெரியும்லா?" தெரியும், அத்தை சனிக்கிழமை மீன் வெட்டின அரிவாள்மனையைக்கூடத் தொடமாட்டார், தங்கபுஷ்பம் அதை யோசிக்கவில்லை, இப்போது யோசித்தாள், மிகவும் முக்கியமான விஷயமாகத்தான் பட்டது. சனிக்கிழமைக்குக் கடல்பாசித் தாள் வாங்கித் தருகிறேன், இலைதான், சைவம். "வெள்ளிக்கெழம?" "வெள்ளியும் அதுதான்." மாமா தலையாட்டினார், நாற்காலியை அரையடி முன்னால் இழுத்துத் தொட்டியின் கண்ணாடியில் நகத்தால் தட்டி விஷயத்தைத் தெரிவித்தார், பெரிய மீன் நகத்தைக் கொத்த வந்தது. தரையில் கிடந்த சிவப்பைத் துணியால் துடைத்துக்கொண்டே அவள் பச்சைப் பொத்தான் கூட்டத்தைப் பார்த்தாள். மூடியேதான் இருந்தது. சரி. மூடியிருப்பது இறந்தது ஆகாது, இன்னும் ஐந்து திட்டு பாக்கி, இனி காரணம் தெரியும், காரணம் தெரிந்த பாசி பாசி மட்டும்தான். புதுத் தண்ணீரை ஊற்றும்போது உளுந்து ஊறாமல் வடை எப்படிப் போடுவார் என்று ஒரு பக்கம் ஓடியது, போடட்டும், கல்லாக வந்தாலும் தின்பாள். 1.20-க்குப் போன் அடித்தது. "அக்கா, வண்டி பேசிட்டேன், நாலு மணின்னா மூணே முக்காலுக்கே வந்துடவா?" "வண்டி வேண்டாம் பிரகாசம். தொட்டி இங்கதான் இருக்கும்." "என்னக்கா, நேத்து அழுதீங்களே?" "நேத்து வேற. இந்தப் பக்கம் வரும்போது பாசித் தாள் ரெண்டு பொட்டலம் மட்டும் கொண்டாங்க." "உங்க மீன் அதெல்லாம் திங்காதே, யாருக்கு?" "சனிக்கிழமைக்கு" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டே முக்காலுக்குப் பெரிய மீன் முட்டையிட்டது.